பூங்கா பெஞ்சுக்கு அடியில் மூன்று வெட்டு

மேஜைமேல் விழுந்த கயிறு

காலை பதினொரு மணி இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். கீற்றுக் கொட்டகையின் ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுந்திருந்தது. வாசல் தட்டியைத் தள்ளிக்கொண்டு கன்னியம்மா உள்ளே வந்தாள்.

இடுப்பில் காலி மீன் கூடை. கையில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள். நேராக வந்து அந்தச் சுருளை என் மேஜைமேல் போட்டாள். வருகைப் பதிவேட்டின்மேல் உப்பும் மணலும் உதிர்ந்தன.

"கயிறு கீது. கட்டைங்க எங்க வாத்தியாரே?"

வாய்பாடு நின்றுவிட்டது. இரண்டாவது வரிசையில் இருந்த அவள் மகள் செல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்தக் கட்டை?" என்றேன்.

"எந்தக் கட்டையா? எம் புருசன் கட்டை. ரோட்டோரமா காய்ஞ்சிகினு இருந்துச்சு. நாலும் காணோம். லாரி வந்து அள்ளிகினு பூட்டானாம். எதுக்குடான்னு கேட்டதுக்கு, பார்க்கு வருதுன்னானாம். பார்க்கு வருது, இஸ்கூலு வருதுன்னு எங்களாண்ட ரேகை வாங்கிகினு போனது நீதானே?"

நான்தான்.   அவளுக்குத் தெரியாத வேறொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தத் தொடரில் இதுவரை சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரம் முடியாது. ஊரை அழகுபடுத்தப் போகிறார்கள் என்று போன வாரம் பேப்பரில் படம் போட்டுச் செய்தி வந்திருந்தது. படத்தில் ஒரு மரம், ஒரு பெஞ்சு, ஒரு குடை விளக்கு. பெஞ்சைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் வந்துவிட்டது. 

கயிற்றுக் கடைக்காரர் மகன்

என் அத்தாவுக்கு ராயபுரத்தில் கயிற்றுக் கடை. எங்கள் வீடு வண்ணாரப்பேட்டையில் இருந்தாலும் நான் வளர்ந்தது அந்தக் கடையில்தான். தேங்காய் நார் வாசனை என் சட்டையில் இருந்து கல்யாணம் ஆனபிறகுதான் போயிற்று. குப்பத்து ஆட்கள் எல்லோரும் எங்களிடம்தான் கயிறு வாங்குவார்கள். கயிற்றை வாங்கும்முன் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்ப்பார்கள். அத்தா பொறுமையாக நிற்பார்.

கட்டுமரத்தைத் தூரத்தில் அலைமேல் மட்டும் பார்த்தவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லவேண்டும். அது கரையில் கட்டுமரமாக இருப்பதில்லை. கடலில் இருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். மரம் தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிருக்கும். ஒவ்வொரு கட்டையாக மேலே இழுத்து, வெயிலில் தனித்தனியாகப் போடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போதுதான் கட்டுவார்கள். காயாத மரம் தண்ணீரில் அமுங்கும், ஆளையும் அமுக்கும்.

கயிற்றை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். கட்டைகளை அப்படியே விட்டுவிடுவார்கள். காவல் கிடையாது. எவன் எடுப்பான்? நாலு கட்டையும் ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்த்தவை. ஒருவர் கட்டை இன்னொருவர் கட்டையோடு ஒட்டாது. போதாததற்கு ஒவ்வொரு வீட்டாரும் கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு அடையாளம் வெட்டியிருப்பார்கள். கன்னியம்மாவின் புருஷன் தேசப்பனுடைய அடையாளம், மூன்று வெட்டும் அவற்றின்மேல் ஒரு குறுக்குக் கோடும்.

தெரியாதவன் பார்த்தால் வெள்ளத்தில் அடித்து வந்த விறகு என்றுதான் நினைப்பான். "அவுத்துக் கெடந்தா மரம் தூங்குதுன்னு அர்த்தம்டா, எழுப்பக் கூடாது" என்று அத்தா எனக்கு ஆறு வயதில் சொன்னார். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

ரோட்டோரம் ஏன் போட்டார்கள் என்று கேட்கலாம். பின்னால் ஒரு ஓவர்சீயரும் அதையே கேட்டார். துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பியபின், சுவருக்கு வடக்கே அலை உள்ளே வர ஆரம்பித்தது. என் அத்தா பையனாக இருந்தபோது பட்டம் விட்ட மணல்வெளியை நான் பார்த்ததே இல்லை. அதன்மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. குப்பத்தில் இரண்டு வரிசை வீடுகள் போயே போய்விட்டன. மிச்சமிருந்த மணலில் வலை உலர்த்தவே இடம் போதாது. கட்டைகளுக்கு ரோட்டோரம்தான் கதி.

நீல மசியில் ஒரு சொர்க்கம்

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். துறைமுகத்தில் ஏதோ ஒன்றைத் திறந்து வைக்கப் பெரிய மனிதர் ஒருவர் வடக்கே இருந்து வருவதாக இருந்தது. அவர் கார் எங்கள் ரோட்டு வழியாகப் போகும். உடனே ஒரு அலங்காரக் கமிட்டி முளைத்தது. அத்தனை வருஷம் எங்கள் ரோட்டுப் பள்ளத்தில் ஒரு கூடை மண் கொட்டாதவர்களுக்குத் திடீரென்று எங்கள்மேல் பாசம் பொங்கியது.

ரோட்டுக்கு மறுபுறம் பழைய உப்புக் கிடங்கு இடிந்து கிடந்தது. அந்த மனையில் ஒரு பூங்காவும், அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடமும் கட்டப் போவதாகப் பேச்சு அடிபட்டது. காலையில் பூங்கா பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம், சாயங்காலம் ஜனங்களுக்கு. நல்ல யோசனை. இன்றைக்கும் அதை நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். அதனால்தான் என் கோபம் இவ்வளவு வருஷம் ஆகியும் ஆறவில்லை.

கமிட்டி ஓவர்சீயர் எனக்குப் பிளான் காட்டினார். துணி ஒட்டிய பெரிய காகிதம். நீல மசிக் கோடுகள். ஓட்டுக் கூரை போட்ட பள்ளிக்கூடம், ஆறு வகுப்பறை, நடுவில் நீரூற்று. மழை பெய்தால் அறுபது பிள்ளைகளையும் ஒரு மூலையில் ஒதுக்கி நிறுத்திப் பாடம் நடத்துகிறவனுக்கு அதைப் பார்த்து எப்படி இருந்திருக்கும்? ஜன்னல்களை எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன்.

ரோட்டுக்குக் கிழக்கே கடல் என்று எழுதியிருந்தது. ரோடு முடிந்ததும் கடல். நடுவில் குப்பம் இல்லை. இருநூறு வீட்டு ஜனம் அந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை. நான் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

"ஜனங்க கேட்டாங்கன்னு ஒரு மனு இருந்தா சீக்கிரம் நடக்கும் சார். நீங்க எழுதிக் குடுங்களேன்," என்றார் ஓவர்சீயர்.

ராத்திரியும் பகலும் அதே நினைப்பாக எழுதினேன். இங்கிலீஷில், டிரெயினிங் பள்ளியில் கற்றுக்கொண்ட அத்தனை அலங்காரத்தோடும் எழுதினேன். இடம் எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று சொன்னால்தான் சுத்தம் செய்ய வருவார்கள் என்று கமிட்டி குமாஸ்தா ஒருவர் காதைக் கடித்தார். அதற்காக ஒரு வரி சேர்த்தேன். சாலையோரத்தில் உபயோகமற்ற மரக்கட்டைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன, பள்ளிப் பிள்ளைகள் இடறி விழுந்து காயப்படுகிறார்கள் என்பதே அந்த வரி. ஒரே ஒரு பையன் ஒரே ஒரு தடவை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது உண்மை. மற்றதெல்லாம் என் பேனாவின் கைங்கரியம்.

மனுவை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். தமிழில் விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடம், பூங்கா, குழாய்த் தண்ணீர், விளக்கு. கட்டை பற்றிய வரியைச் சொல்லவில்லை. அதைப் போய் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கன்னியம்மாதான் முதலில் கட்டை விரலை நீட்டினாள். "எம் பொண்ணு ஓட்டுக் கொட்டாயில குந்திப் படிக்கணும் வாத்தியாரே. எத்தினி ரேகை வேணும்? பத்து வெரலும் வெக்கிறேன்," என்றாள்.

கடலு வூட்டாண்ட வந்துடுச்சு

லாரி வந்த அன்று மற்றவர்களுடைய மரங்கள் எல்லாம் கடலில் இருந்தன. தேசப்பனுக்குக் கெளுத்தி முள் குத்திக் கால் யானைக்கால் போல வீங்கியிருந்தது. இரண்டு நாளாகக் குடிசைக்குள் படுத்திருந்தான். அதனால் அவன் கட்டைகள் மட்டும் ரோட்டோரம் கிடந்தன. கன்னியம்மா மீன் விற்கப் போயிருந்தாள். கூச்சல் கேட்டு அவன் எழுந்து நொண்டிக்கொண்டு வருவதற்குள் லாரி போய்விட்டது.

மறுநாள் அவனை ஒரு கை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கமிட்டி ஆபீஸுக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஓவர்சீயர் நல்ல மூடில் இருந்தார். எங்களுக்குச் சோடா வரவழைத்தார்.

"அது குப்பை இல்ல தொரை. என் மரம். காய வெச்சிருந்தேன்," என்றான் தேசப்பன்.

"கடல்ல இருக்க வேண்டியது ரோட்ல ஏம்ப்பா இருந்துது?"

"கடலு வூட்டாண்ட வந்துடுச்சு தொரை. மரத்த எங்க வெக்கறது?"

ஓவர்சீயர் சிரித்தார். கட்டைகள் அன்று காலையே வாள் பட்டறைக்குப் போய்விட்டதாகவும், பூங்காவுக்கு அவசரமாகப் பெஞ்சு தேவைப்பட்டதாகவும் சொன்னார். லேசான மரம், அறுக்கச் சுலபம் என்று தச்சர் பாராட்டினாராம். மேற்கு மலைக் காட்டில் இருந்து வரும் மரம் அது. தேசப்பன் அதை வாங்க எத்தனை வருஷம் அடுத்தவன் மரத்தில் கூலிக்குப் போனான் என்பது தச்சருக்கு எப்படித் தெரியும்?

"உன்னுதுங்கறதுக்கு என்ன அத்தாட்சி? ரசீது இருக்கா? லைசென்ஸ் இருக்கா?"

"அடியில மூணு வெட்டு கீது. மேல ஒரு கோடு."

"அதெல்லாம் அத்தாட்சி ஆகாதுப்பா."

நான் குறுக்கிட்டேன். குரலை உயர்த்தியே பேசினேன். இது அநியாயம், ஏழை வயிற்றில் அடிப்பது, கண்ணிருந்தும் பார்க்காத அதிகாரம் என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். ஓவர்சீயர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அலமாரியில் இருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்து, நாடாவை அவிழ்த்து, என் மனுவை வெளியே எடுத்தார். அந்த வரியை இங்கிலீஷில் ஒரு தடவை படித்தார். தேசப்பனைப் பார்த்துத் தமிழில் ஒரு தடவை சொன்னார்.

"இத நான் எழுதல சார். நீங்க எழுதினது. கீழே இவன் ரேகையும் இருக்கு. இவனே கேட்டு, இவனே குடுத்தது."

 தேசப்பன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யாருக்காகக் கையெழுத்து வாங்குகிறோமோ, அந்தக் கையெழுத்தை வைத்தே அவர்கள் கழுத்தை நெரிக்கலாம் என்பதை அன்றுதான் படித்தேன். ஆபீஸ்காரர்களுக்கு அது பாலபாடம்.

திரும்பி வரும் வழியில், கல்மண்டபம் தாண்டியதும் தேசப்பன் கேட்டான்.

"அந்த வரிய எங்களாண்ட படிச்சியா வாத்தியாரே?"

"இல்ல."

"ஏன்?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் எழுதினேன் தேசப்பா."

"நீ பேச்சுக்கு எழுதின. அவன் லாரி எடுத்துகினு வந்துட்டான்," என்றான். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தேவலை.

புல்லை மிதிக்காதே

பெரிய மனிதர் வந்தார். கார்க் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார்கள். ரோட்டோரம் காகிதக் கொடியோடு காலையில் இருந்து வெயிலில் நின்ற என் பிள்ளைகள் "ஜே" சொல்லி முடிப்பதற்குள் புழுதிதான் மிஞ்சியது.

பூங்கா வந்தது. நீரூற்று வந்தது. குப்பத்துக்குப் பேசிய குழாயின் தண்ணீர் அந்த நீரூற்றுக்குப் போனது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கல் மட்டும் நட்டார்கள். கட்டிடம் அடுத்த கட்டத்தில் என்றார்கள். அந்த அடுத்த கட்டம் நான் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போகும்வரை வரவில்லை. பிள்ளைகள் கல்மேல் ஏறிக் குதித்து விளையாடினார்கள். அந்த மட்டுக்கு அது பயன்பட்டது.

வாசலில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: புல்லை மிதிக்காதே. மீன் கூடையுடன் உள்ளே வராதே. வலை உலர்த்தாதே. பள்ளிப் பிள்ளைகள் வாரம் ஒரு நாள், ஆசிரியருடன், வரிசையாக. பொதுவான பூங்கா என்று சொன்னதற்கு அவர்கள் கொடுத்த அர்த்தம் அது.

தேசப்பன் அடுத்தவர் மரத்தில் கூலிப் பங்குக்குப் போனான். வந்த மீன் பாதியாகக் குறைந்தது. கன்னியம்மா இரண்டு தெரு கூடுதலாகச் சுற்றவேண்டி வந்தது. ஒருநாள் செல்லி வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மாவோடு சின்னக் கூடை தூக்கிப் போகிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எந்தப் பெண் ஓட்டுக் கூரையின் கீழ் படிக்கவேண்டும் என்று முதல் ரேகை விழுந்ததோ, அந்தப் பெண்ணைத்தான் அந்தப் பூங்கா கீற்றுக் கொட்டகையில் இருந்தும் வெளியே தள்ளியது. போய் அழைத்து வர எனக்கு முகம் இல்லை.

எங்களுக்கு ஒதுக்கிய வாராந்தர நாள் ஒன்றில் பிள்ளைகளை வரிசையாக உள்ளே நடத்திக்கொண்டிருந்தேன். கன்னியம்மா கூடையோடு வாசலைத் தாண்டி வந்தாள். பின்னாலேயே செல்லி. காவலாள் எழுந்திருப்பதற்குள் அவள் முதல் பெஞ்சுக்குப் போய்க் குனிந்து, அடியில் கைவிட்டுத் தடவினாள். இரண்டாவது பெஞ்சையும் தடவினாள். மூன்றாவது பெஞ்சில் கை நின்றது. கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, எந்திரி. நாத்தம் அடிக்குது. பெரிய மனுசங்க குந்தற எடம்," என்று காவலாள் விசிலை எடுத்தான்.

"எம் புருசன் மரத்து மேல நான் குந்தறேன். உனக்கு இன்னா பேஜாரு?"

"போர்டு பாத்தியா?"

"போர்டு எனக்குப் படிக்கத் தெரியாது நைனா. அடியில கைய வுட்டுப் பாரு, அது எனக்குத் தெரியும்."

நான் போய்க் குனிந்து கைவிட்டேன். வாளால் அறுத்த மேற்புறத்துக்கு வழவழவென்று பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள். அடிப்புறம் அப்படியே இருந்தது. மூன்று வெட்டு, மேலே ஒரு குறுக்குக் கோடு. என் விரல் அந்தக் கோட்டில் ஓடியபோது, அதுவரை ஓவர்சீயர்மேல் மட்டும் இருந்த கோபம் என்மேலும் பொங்கித் தலைக்கு ஏறியது. வேலை போய்விடும் என்ற பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"எல்லாரும் புல்லுமேல உக்காருங்க," என்றேன் பிள்ளைகளிடம்.

அறுபது பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். விசில் ஊதிக்கொண்டே இருந்தது. ஏழாம் வாய்பாட்டை விட்ட இடத்தில் இருந்து ஆரம்பித்தேன். மறுவாரம் என்னிடம் விளக்கம் கேட்டு மேலிடத்தில் இருந்து மெமோ வந்தது.

ஒரு வரி வுடாம

விளக்கத்துக்குப் பதிலாக இரண்டாவது மனு எழுதினேன். தேசப்பனுக்கு மரம் வாங்கித் தரவேண்டும், கல் நட்ட இடத்தில் பள்ளிக்கூடம் கட்டவேண்டும், முதல் மனுவில் கட்டைகள் பற்றி எழுதியது பொய், அதை எழுதியவன் நான். எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மாலை நேரம். கன்னியம்மா வாசலில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தேசப்பன் உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை. நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

"நிறுத்து," என்றாள் கன்னியம்மா. "இன்னா எழுதிகீறியோ அத்தப் படி."

"இது இங்கிலீஷ்ல இருக்கு."

"இருக்கட்டும். மொதல்ல அத்தப் படி. ஒரு வரி வுடாம படி. அப்பாலிக்கா தமிள்ல சொல்லு. வரி கொறைஞ்சா எனக்குத் தெரியும்."

படித்தேன். அவளுக்கு ஒரு சொல்லும் புரியாத அந்தப் பாஷையை, மேலிருந்து கீழ்வரை, தேதி உட்படப் படித்தேன். அவள் ஈரக் கையோடு நின்று விரல் மடக்கி வரிகளை எண்ணினாள். பிறகு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். மறுபடி எண்ணினாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். எழுதியது பொய் என்ற இடம் வந்தபோது என் குரல் உடைந்தது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

படித்து முடித்ததும் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடப் போனேன்.

"அது வேணாம். உன் கையெழுத்த நம்பினது போதும். எங்கள மாரி நீயும் ரேகை வை. உன்னுது மொதல்ல."

மசிப் பெட்டியில் கட்டை விரலை அழுத்திக் காகிதத்தின் அடியில் முதலாவதாக வைத்தேன். அதன்பின் அவள் வைத்தாள். உள்ளே இருந்து தேசப்பனும் வந்து வைத்தான்.

பதில் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அந்த மனு எந்த அலமாரியில் எந்த நாடாவுக்குள் மக்கியதோ தெரியாது. தேசப்பன் மறுபடி சொந்த மரம் கட்டவே இல்லை. அந்தப் பெஞ்சும் பல வருஷம் அங்கேயே இருந்தது. நாலு பேர் அதில் உட்கார்ந்து கடல் காற்று வாங்கி, பூங்கா நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் இருப்பார்கள்.

அன்று நான் கிளம்பும்போது கன்னியம்மா செல்லியை இழுத்து என் முன்னால் நிறுத்தினாள். "நாளைலேர்ந்து இவ வருவா. இங்கிலீசும் கத்துக் குடு."

"கூடை தூக்க ஆள்?"

"நான் ரெண்டு தபா நடக்கிறேன். இந்தக் குப்பத்துல எழுத்து தெரிஞ்சது ஒண்ணாவது வேணும் வாத்தியாரே. அடுத்த தபா நீ எழுதிகினு வந்தா, இவ படிச்சிப் பாத்துட்டு எங்களுக்குச் சொல்லுவா."

மறுநாள் மணி அடிக்கும் முன்பே செல்லி வந்துவிட்டாள். பழைய இடத்தில் உட்காரவில்லை. முதல் வரிசையில், என் மேஜைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, நான் எழுதப்போகும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.